செனட் ஹவுஸை ஆவணப்படுத்த நாலு போட்டோ போதாதா?

மெரினா எதிரே நிற்கும் சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே இருக்கும் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடித்து எரிந்தது. எரிந்தபிறகு, கூரையில் இருந்தது என்ன மரம், சுவர்ப் பூச்சில் என்ன கலவை என்று யாரைக் கேட்பது?

ஆவணம்னா வெறும் போட்டோ இல்லை. அளவு வரைபடம், லேசர் ஸ்கேன், காரைச் சோதனை எல்லாம் வேணும். முக்கியமா, எந்த வருஷம் எதை மாற்றினார்கள் என்ற குறிப்பு. அதைத்தான் சுலபமா விட்டுவிடுவார்கள்.

சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பு பூத்து செங்கல் உதிரும். கடற்காத்து வேற! எங்கே சிமென்ட் பூசியிருக்கு என்ற குறிப்பு இல்லைன்னா, அடுத்து வருபவர் அதன் மேலேயே வெள்ளையடித்துவிட்டுப் போய்விடுவார்.