இரண்டுக்கு ஒன்று

ஒரு கூடைப்பந்து ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் முடிந்தது என்று வகுப்பில் சொன்னேன். மாணவர்கள் சிரித்தார்கள். கால்பந்தைத்தான் ஆசிரியர் தவறாகச் சொல்கிறார் என்று ஒருவன் திருத்தவும் செய்தான். தவறில்லை. 1896 ஏப்ரல் 4 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ நகரில், படைக்கலக் கூடம் ஒன்றில், ஸ்டான்ஃபோர்ட் பெண்கள் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி பெண்களை அந்தக் கணக்கில்தான் வென்றார்கள். அணிக்கு ஒன்பது பேர். கூடையில் விழும் பந்துக்கு ஒரு புள்ளி. இரண்டு பல்கலைக்கழகங்களின் பெண்கள் அணிகள் நேருக்கு நேர் மோதிய முதல் ஆட்டமாக அதைச் சொல்கிறார்கள்.

ஆட்டமே அப்போது கைக்குழந்தை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டி வைத்து, பதின்மூன்று விதிகள் எழுதி, 1891 டிசம்பரில் தொடங்கிய விளையாட்டு அது. அதைப் பற்றிய கட்டுரையைப் படித்த செண்டா பெரன்சன், அருகிலிருந்த ஸ்மித் கல்லூரியின் மாணவிகளுக்கு மறு ஆண்டே கற்றுக்கொடுத்தார். (ஓவிய விமர்சகர் பெர்னார்ட் பெரன்சனின் தங்கை இவர். அண்ணனை அறிந்த நம் இலக்கிய அன்பர்கள் தங்கையை அறியாதது வியப்பில்லை.) பெண்களுக்கென அவர் விதிகளை மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் தம் பகுதிக்குள்தான் ஆடவேண்டும் என்றார். பிறர் கையிலிருக்கும் பந்தைப் பறிக்கக் கூடாது என்றார். இப்படிக் கோடுகளுக்குள் ஆடிய விளையாட்டின் ஏதோவொரு வடிவம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைக்கும் நீடித்தது.

ஸ்டான்ஃபோர்ட் பெண்களின் அந்தப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு வேடிக்கையைச் சொல்வார்கள். ஆண்கள் முன்னிலையில் ஆட பெர்க்லி அணி மறுத்துவிட்டது. எனவே அரங்கில் இருந்த எழுநூறு பேரும் பெண்கள். செய்தியாளர்களும் பெண்களே. ஆட்டத்தின் நடுவே கூடை பழுதுபட்டது. சரிசெய்ய ஆண்கள் இருவர் உள்ளே வந்ததும் பெர்க்லி மாணவிகள் அலறி ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டார்களாம். நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை.

அதை நாணம் என்று மட்டும் வாசிப்பது மேம்போக்கான வாசிப்பு. பார்க்கப்படுவது என்றால் என்னவென்று நம் இலக்கியம் நன்றாகவே அறியும். பெருங்கதையில் மானனீகை பந்தாடுகிறாள். உதயணன் பார்த்து மயங்குகிறான். குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தாடும் பகுதியைப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இருக்கமாட்டார். வளையும் இடையும் குழலும் அந்த ஆட்டத்தில் அசைவது போல் பந்து அசைவதில்லை. கவிதையாக அவை இன்பம் தருபவை, மறுக்கவில்லை. ஆனால் பந்தாடும் பெண்ணுக்குப் பந்தின் மீது என்ன ஈடுபாடு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அவள் ஆட்டம் முழுவதும் பார்க்கிறவனுக்காகவே நடக்கிறது. அந்தப் பார்வையை ஒரு மாலைப் பொழுதுக்கு வெளியே நிறுத்திவிட்டால், தொண்டை கட்டும்வரை கத்தலாம், விழுந்து எழலாம், தோற்கலாம். எழுநூறு பெண்கள் ஒரு கூரையின் கீழ் அப்படிக் கத்திய இன்னொரு மாலை அந்த நகரத்தில் அதற்கு முன் வாய்த்திருக்குமா?

ஆனால் பூட்டிய கதவுக்கு இன்னொரு குணமும் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. அதனால் அது நிறுத்தப்படும்போது அவர்கள் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். வெற்றி பெற்றுத் திரும்பிய அணியை பாலோ ஆல்டோவில் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1899இல், மாணவிகள் பிற கல்லூரிகளோடு போட்டியிடுவதையே ஸ்டான்ஃபோர்ட் தடை செய்தது. சொல்லப்பட்ட காரணம் மாணவிகளின் உடல்நலம்.

உடல்நலம் என்ற சொல்லை நான் நம்பத் தயாராக இல்லை. அதே 1899இல்தான் ஜேன் ஸ்டான்ஃபோர்ட் அம்மையார், பல்கலைக்கழகத்தில் எந்நேரமும் ஐந்நூறு பெண்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு விதித்தார். இறந்த மகனின் நினைவாக எழுப்பிய நிறுவனம் பெண்கள் கல்லூரியாகிவிடுமோ என்று அவர் அஞ்சினார். மாணவிகளின் எண்ணிக்கை அவ்வளவு வேகமாக உயர்ந்துகொண்டிருந்தது. 1933இல் தளர்ந்த அந்த வரம்பு சட்டப்படி முற்றாக நீங்க 1973 ஆயிற்று. இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் வேறுவேறு. ஆயினும் பெண்கள் அதிகமாகத் தென்படத் தொடங்கிய ஓர் இடத்தின் பதற்றம்தான் இரண்டிலும் எனக்குத் தெரிகிறது. ஓடியதால் மாணவிகளின் உடல் கெட்டிருந்தால், தம் கல்லூரிக்குள்ளேயே ஆடுவதையும் அல்லவா நிறுத்தியிருக்க வேண்டும்? அது நிற்கவில்லை.

இதை எழுதும்போது நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்லூரி நினைவுக்கு வருகிறது. மாணவிகளின் கூடைப்பந்து அணி ஒன்று அங்கே இருந்தது. ஆடுகளம் சாலையோரம், மதிலுக்கு வெளியே இளைஞர்கள் கூடத் தொடங்கினார்கள். கூட்டம் போட்டுப் பேசினோம். மதிலை உயர்த்தலாம் என்றார் ஒருவர், காவலாளியை நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். முடிவில் அணியை நிறுத்தினார்கள். பாதுகாப்பு என்பது குறிப்பேட்டில் எழுதப்பட்ட சொல். நானும் கையெழுத்திட்டேன். அணியின் தலைவியாக இருந்த மாணவி மறுநாள் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய பாடம் குறவஞ்சி.