ஆமை புகுந்த வீடு

“ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா” என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. அமீனாவுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆமையின் பக்கத்து நியாயத்தை இவ்வாரம் எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

சென்ற மார்கழியிலே பல்லேகமவில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் சில நாள் தங்கினோம். பழைய பல்லேகம நகர் இன்று இல்லை. 2018ஆம் ஆண்டிலே களு கங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கியபின் அது நீருள் மறைந்தது. மக்கள் புதிய நகரிலே குடியேறினர். நண்பரின் குடும்பமும் அவ்வாறு வந்ததே.

வீட்டின் பின்புறத்துச் சீமெந்துத் தரையிலே ஒரு மரப்பெட்டி இருந்தது. அதனுள்ளே நட்சத்திர ஆமையொன்று தலையை உள்ளிழுத்தபடி கிடந்தது. உலர் வலயத்திலிருந்து சரக்கு ஏற்றி வந்த சாரதி ஒருவர் வழியிற் கண்டு கொண்டுவந்து கொடுத்தாராம். அருகிலே சோறும் பாலில் நனைத்த பாணும் தீண்டப்படாமல் இருந்தன.

“மாமா, பத்து நாளாக ஒன்றும் தின்னவில்லை. உறங்குகிறதா, நோயா?” என்று கேட்டாள் நண்பரின் மகள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

மாணவர் பலரும் கேட்கக்கூடிய கேள்வி இது. இங்கிலாந்தில் செல்போர்ண் என்னும் சிற்றூரிலே கில்பர்ட் வைட் என்ற பாதிரியார் 1780ஆம் ஆண்டு முதல் ‘திமொத்தி’ என்னும் ஆமையைப் பேணினார். அது கார்த்திகையில் மண்ணுக்குட் புகுந்து சித்திரையில் வெளிவருவதை அவர் குறித்து வைத்தார். ஆனால், அது மத்தியதரைக் கடலோர நாடுகளுக்குரிய இனம். நம் நாட்டு நட்சத்திர ஆமைக்கு அத்தகைய நீண்ட மாரித்துயில் இல்லை. ஆகவே, “உறங்குகிறது” என்று வாளாவிருத்தல் தவறாகும்.

நம் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஆமையோ அதனை ஞாயிற்றிடம் கடன் வாங்குகிறது. குளிர்ந்த தரையிலே, வெயில் காணாமற் கிடக்கும் ஆமைக்குக் கால் ஓடாது. குடலும் வேலை செய்யாது. உண்ட உணவு செரியாது. பசி எங்ஙனம் உண்டாகும்?

உணவும் பிழையாகவே இருந்தது. காட்டிலே அது பெரும்பாலும் புல்லையும் இலையையும், உதிர்ந்த பூவையும் கனியையும் தின்று வாழ்வது. சோறும் பாணும் பாலும் அதற்கு ஆகா. வெயிலிலுள்ள புறவூதாக் கதிர் இல்லையேல் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணச் சத்தையும் உடல் ஏற்காது. கண்ணாடி யன்னலூடே வரும் வெயில் இதற்குப் பயன்படாது.

அன்றே மரப்பெட்டியிலே உலர்ந்த புல்லைப் பரப்பினோம். ஒரு மூலைக்கு மேலே மின்குமிழைத் தொங்கவிட்டோம். சூடு மிகுந்தால் ஒதுங்குவதற்கு மறுமூலையை நிழலாக விட்டோம். மறுநாட் காலை, இளஞ்சூடான நீரிலே, தலை அமிழாதபடி கால்மணி நேரம் இருத்தினோம். அது நீண்ட நேரம் நீர் பருகியது. வெயில் ஏறியதும் முற்றத்திலே விட்டு, அறுகம்புல்லும் செவ்வரத்தைப் பூவும் வைத்தோம். வாயைத் திறந்து திணிக்கவில்லை. அது தீங்கு பயக்கும். நண்பகல் அளவில் ஒரு பூவிதழைக் கடித்தது. சிறுமி துள்ளிக் குதித்தாள்.

எனினும், ஓரிதழ் தின்றதைக் கொண்டு நோய் நீங்கிற்று என்று எண்ணலாகாது. மூக்கிலே நீர்க்குமிழி, திறந்த வாயால் மூச்சு, வீங்கிய கண் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் மிருக வைத்தியரிடமே செல்லவேண்டும். ஆமைக்கு நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற இயலாது. சளி நுரையீரலிலே தங்கிவிடும். ஆமையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதலும் கட்டாயம். நமக்கு வயிற்றுநோய் தரும் கிருமிகள் அதனிடம் இருத்தல் கூடும்.

இனிச் சொல்லவேண்டியது கசப்பானது. நட்சத்திர ஆமை நம் நாட்டிலே சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட உயிர். அனுமதியின்றி அதனை வீட்டில் வைத்திருத்தல் குற்றம். களவாகக் கடத்தப்படுவது பெருகியதால், 2019ஆம் ஆண்டிலே உலக நாடுகள் அதன் வாணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை விதித்தன. கண்ட காட்டிலே நாமாகக் கொண்டுபோய் விடுவதும் நன்றன்று. அதன் நோய் அங்குள்ள உயிர்களைப் பற்றும். வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைப்பதே முறை.

இதனைக் கேட்டதும் சிறுமி அழுதாள். “நான் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறேன்” என்றாள். நமக்கு மறுமொழி வரவில்லை. திண்ணையில் இருந்த அவளுடைய பாட்டி பேசினார்: “பழைய ஊரை விட்டு இங்கு வந்தபோது எனக்கும் மூன்று நாள் சோறு இறங்கவில்லை, பிள்ளை. எல்லோரும் என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள்.”

சிறுமி நெடுநேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் தந்தையுடன் அவளே பெட்டியைச் சுமந்து சென்று, அதிகாரிகளிடம் ஒப்படைத்தாள். வழிக்கென்று இரண்டு செவ்வரத்தைப் பூக்களையும் உள்ளே வைத்திருந்தாள்.

ஆமை புகுந்ததால் அவ்வீட்டுக்குக் கேடொன்றும் வந்ததாக நாம் காணவில்லை. வீடு புகுந்ததால் ஆமைக்குத்தான் கேடு வந்தது. பழமொழியைத் திருத்திச் சொல்லும் உரிமை நமக்கில்லை. நம் பிள்ளைகளுக்கு அதன் மறுபக்கத்தையும் சொல்லிவைப்போமாக.