ஒரு தலைநகரில் இரண்டு படைகள்

சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று வெடித்த போர், எல்லோர் கண்முன்னும் பல ஆண்டுகளாக வளர்க்கப்பட்டது.

மேற்குச் சூடானின் தார்ஃபூரில் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் ஆயுதக் குழுக்களைத் திரட்டி, 2013-இல் அதிபர் ஒமர் அல்-பஷீரின் அரசு ஆர்.எஸ்.எஃப். (விரைவு ஆதரவுப் படை) என்ற துணை ராணுவத்தை உருவாக்கியது. 2017-இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. அதன் தளபதி ஹெமெத்தியின் கைக்கு ஜெபல் அமீர் தங்கச் சுரங்கங்கள் போயின. யேமன் போருக்கு ஆள் அனுப்பியதில் வளைகுடாப் பணமும் சேர்ந்தது. ராணுவமும் சளைக்கவில்லை. அதற்கென்று ஆயுத ஆலைகளும் வணிக நிறுவனங்களும் இருந்தன. மக்களுக்குக் கணக்குக் காட்டாத இரண்டு கஜானாக்கள், இரண்டு படைகள்!

பஷீருக்குப் பின் வந்த இடைக்கால அரசிடமிருந்து 2021 அக்டோபரில் ஆட்சியைப் பறிக்கக் கைகோத்த ராணுவத் தளபதி புர்ஹானும் ஹெமெத்தியும் விரைவிலேயே முறைத்துக்கொண்டனர். இரு படைகளையும் ஒன்றிணைக்க ராணுவம் விதித்த கெடு 2 ஆண்டுகள். ஹெமெத்தி கேட்டதோ 10. பேச்சு நடக்கும்போதே இரு தரப்பும் ஆள் சேர்த்தன. தலைநகர் கார்த்தூமில் வீரர்களைக் குவித்தன. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் மெரோவி விமானதளம் அருகே துணை ராணுவம் வந்து நின்றது.

சமரசம் பேசிய அயல்நாட்டவர் தளபதிகளின் கையெழுத்தையே நம்பினர். 2019-இல் பஷீரை வீழ்த்திய வீதிப் போராட்டக்காரர்கள் ஓரங்கட்டப்பட்டனர். மன்னிக்க முடியாத பிழை இது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்த பின், சமுதாயச் சமையலறைகளில் மக்களின் பசியாற்றியவர்களுள் அந்தப் போராட்டக்காரர்களும் உண்டு.

ஐ.நா. 2004-இல் விதித்த ஆயுதத் தடை தார்ஃபூருக்கு மட்டுமே பொருந்தும். இரு படைகளுக்கும் ஆயுதம் சேர்வதைத் தடுக்க, அதைச் சூடான் முழுவதற்கும் பாதுகாப்பு அவை உடனே விரிவாக்க வேண்டும்.