மொட்டைமாடி யாருடையது?

சித்திரை பிறந்தால் போதும், அறிவுரைகள் வரிசைகட்டி வந்துவிடும். வேட்டியை நனைத்து ஜன்னலில் தொங்கவிடு. ஃபேனுக்குக் கீழே ஐஸ் பாத்திரம் வை. வெட்டிவேர்த் தட்டி கட்டு. கற்றாழை வள. பானைத் தண்ணீர் குடி. சில நல்லவைதான், பானைத் தண்ணீரை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் வீட்டுக்குள் இவ்வளவு வெக்கை எங்கிருந்து வருகிறது என்று இவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை. எங்கள் தொழிலில் சர்வர் கொதித்தால் பயனரைக் கூப்பிட்டு மோர் குடிக்கச் சொல்ல மாட்டோம்.

வெக்கை மேலேயிருந்து வருகிறது. சென்னையில் கடைசி மாடியில் வாடகைக்கு இருந்த யாருக்கும் இதை நிரூபிக்க வேண்டியதில்லை. ஏப்ரல் கடைசியில் இந்த ஊரில் நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. சுவர் தப்பித்துவிடும், தளம் மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். பகலெல்லாம் குடித்த சூட்டை கான்கிரீட் அடக்கி வைத்திருந்து, நாம் வேலை முடிந்து வருகிற நேரம் பார்த்து உள்ளே கக்கும். ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் நின்றால் தேவலை, வீட்டுக்குள் சீலிங் தோசைக்கல்லாக இருக்கும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை ஆற்றும், கூடவே மேலே தேங்கின சூட்டைத் தலையில் இறக்கும். நனைத்த வேட்டியும் ஏர்கூலரும் காற்று உலர்ந்த ஊர்களுக்கானவை. ஜெய்ப்பூரில் வேலை செய்யும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே கடல் இருக்கிறது. அடைத்த அறையில் இன்னும் ஈரத்தைச் சேர்த்தால் மிஞ்சுவது புழுக்கம்தான்.

ஆக, சூட்டை உள்ளே விடாமல் மேலேயே திருப்பி அனுப்புவதுதான் மலிவான வழி. அதற்கு வெள்ளை நிறம் போதும். கறுத்துப்போன பழைய சிமெண்ட் தளம் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கும், புதுச் சுண்ணாம்பு அடித்த தளம் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். முதல் நாளே சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, பாசியும் தூசியும் போகக் கழுவின தளத்தில் இரண்டு கோட் அடித்தால் ஆயிற்று. கண்ணில் படக்கூடாது, அது முக்கியம். ஐப்பசி மழையில் கரையும், அடுத்த மார்ச்சில் திரும்ப அடிக்கணும். ஆள்கூலியோடு சில ஆயிரம் ரூபாய். அதிக நாள் நிற்கிற கூல் ரூஃப் பெயிண்ட்டும் இருக்கிறது, விலை கூட. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஒற்றை அறைகளில் இதன் பலன் இன்னும் சட்டென்று தெரியும், ஏனென்றால் அங்கே வெயிலுக்கும் மண்டைக்கும் நடுவே இருப்பதே ஒரு விரற்கடைகூட இல்லை.

இவ்வளவு சுலபமென்றால் ஏன் யாரும் செய்வதில்லை? தளம் ஹவுஸ் ஓனருடையது, வெக்கை நம்முடையது. அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு ஓனரிடம் கேட்டேன், பாதிச் செலவை நானே தருகிறேன் என்றுகூடச் சொன்னேன். "தம்பி, மேல இன்னொரு மாடி எடுக்கப்போறேன், இப்ப எதுக்குத் தண்டச்செலவு" என்றார். தூண்களிலிருந்து துருப்பிடித்த கம்பிகள் வானம் பார்த்து நின்றுகொண்டிருந்தன. இரண்டு வருடம் கழித்து நான் காலி செய்தபோதும் நின்றன. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கீழ்வீட்டில் இருந்தார், அவருக்குச் சுடவில்லை. அந்த வீட்டில் ஏசி ஓடினால் ஸப் மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் நான்தான் கொடுத்தேன். அவர் சேமித்த சுண்ணாம்புக் காசை இரண்டு மாதத்துக்கொரு தடவை நான் கட்டிக்கொண்டிருந்தேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

நம் இலக்கிய வட்டத்துக்கு இதில் வேறொரு பழக்கம் உண்டு. வெயில் என்றதும் முற்றம், தாழ்வாரம், திண்ணை, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை என்று ஏங்க ஆரம்பித்துவிடுவோம். காரை அற்புதமான பொருள், மறுக்கவில்லை. ஆனால் முற்றம் வைத்துக் கட்ட மனை வேண்டும். அந்த மனை எந்தத் தெருவில் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்து ஏங்கினால் நன்றாயிருக்கும். ஊருக்கு வெளியே ஓலைக்குடிசையில் இருந்தவர்களும் குளிர்ச்சியாகத்தான் இருந்தார்கள், தீப்பிடிக்கும் வரை. 500 சதுர அடி ஒண்டுக்குடித்தனத்துக்கு முற்றத்தைப் பரிந்துரைப்பதும் கற்றாழைத் தொட்டியைப் பரிந்துரைப்பதும் எனக்கு ஒன்றுதான்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்லது. உயிரோடு இருக்கும்போது இரண்டு கோட் சுண்ணாம்புக்கு வழியுண்டா? தெலங்கானா 2023இல் கூல் ரூஃப் கொள்கை கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் கட்டாயம். குடியிருப்புகளில் 600 சதுர கஜத்துக்கு மேல் மனை உள்ளவற்றுக்கு மட்டும் கட்டாயம், சின்ன வீடுகளுக்கு விருப்பப்பட்டால். அதாவது யார் தலைக்கு நேராகச் சுடுகிறதோ அவர்களுக்கு விருப்பப்பட்டால். அந்த விருப்பமும் குடியிருப்பவருடையது அல்ல, ஓனருடையது.

இங்கே புதிதாகச் சட்டம் எழுதவும் தேவையில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் எந்த வேலை யார் பொறுப்பு என்ற பட்டியல் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது உரிமையாளர் பொறுப்பு என்று அதிலேயே இருக்கிறது. கண்ணுக்கு அழகாயிருக்கிற சுவருக்கு உண்டு. பக்கத்திலேயே 'மேல்தளத்துக்கும்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கத்தான் கேட்கிறேன்.

அது வரும்வரை வீடு பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். காலையில் எல்லா வீடும் நல்ல வீடு. ஏப்ரல், மே மாதத்தில் ராத்திரி எட்டு மணிக்குப் போங்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி ஏறி, சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். அட்வான்ஸ் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.