உப்புத்தாள் போட்ட பிஸ்டல்

போன ஆவணியில் கோம்பையில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு மாப்பிள்ளை முறை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். கையில் நாலு காசு சேர்ந்த பிறகு பழைய பொருள்கள் மீது ஆசை வந்துவிட்டது. கிராமபோன், காரைக்குடி கதவு, பித்தளைக் குத்துவிளக்கு என்று வீடு நிறைய வாங்கி வைத்திருக்கிறார். பாயசம் வருவதற்குள் செல்போனை என் பக்கம் நீட்டினார்.

"மாமா, நீங்க பட்டாளத்துல துப்பாக்கி வேலைதான பாத்தீங்க? இது ஒரிஜினலான்னு சொல்லுங்க. எண்பத்தஞ்சாயிரம் கேக்குறான். கட்டபொம்மன் சண்டையில கம்பெனிக்காரன் வச்சிருந்த பிஸ்டலாம்."

இதைப் படிக்கிற பலருக்கும் என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1974 முதல் 1998 வரை ராணுவத்தில் ஈ.எம்.ஈ. பிரிவில் ஆர்மரராக இருந்தேன். செகந்திராபாத்தில் பயிற்சி. சுட்டவன் இல்லை, சுடுகிறவர்களின் ஆயுதத்தைப் பழுது பார்த்தவன். என்னிடம் வந்த ஒவ்வொரு ரைஃபிளிலும் பாடியில் இருக்கிற நம்பரும் போல்ட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்ப்பது முதல் வேலை. கண்ணுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தையல் மிஷினில்கூட நம்பர் எங்கே என்று தேடுவேன், என் வீட்டம்மா திட்டுவாள்.

படத்தில் தெரிந்தது ஒரு சிக்கிமுக்கிக்கல் பிஸ்டல். பித்தளை வேலைப்பாடு, நீளமான பேரல். லாக் தகட்டில் கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்., பின்னால் 'டவர்' என்ற சொல், அதோடு 1799 என்று ஆண்டு. ஆண்டைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல நாளில் மனுசன் மனசைக் கெடுக்க வேண்டாம் என்று, "பொருளை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது மாப்ள, அட்வான்ஸ் கொடுக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். மனுசன் ஏற்கெனவே பத்தாயிரம் கொடுத்திருந்தார்.

ஏன் சிரிப்பு வந்தது என்றால், 'டவர்' என்பது இங்கிலாந்து அரசாங்கத்தின் ஆயுதக் கிடங்கு முத்திரை. அவர்கள் 1764-க்குப் பிறகு லாக் தகட்டில் ஆண்டையும் செய்தவர் பெயரையும் பொறிப்பதை நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஆண்டு போட ஆரம்பித்தபோது சிக்கிமுக்கிக்கல் காலமே முடிந்து, கேப்பு வைத்து வெடிக்கும் துப்பாக்கி வந்துவிட்டது. ஆகவே டவர், 1799, சிக்கிமுக்கிக்கல் மூன்றும் ஒரே தகட்டில் இருக்கக் கூடாது. இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆயுதங்களை லண்டன் துப்பாக்கிக்காரர்களிடம் தானே தனியாகச் செய்யச் சொல்லி வாங்கியது. அதற்குத் தனி முத்திரை. நாலாகப் பிரித்த ஓர் இதய வடிவம், உள்ளே வி, ஈ, ஐ, சி என்று நான்கு எழுத்து. சுமார் 1808 வரை அந்த இதயம்தான். பிறகு நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வந்தது. கம்பெனிக்காரன் பிஸ்டல் என்று சொல்லி ராஜாவின் முத்திரையைக் காட்டினால் எப்படி? அந்தக் காலத்தில் இங்கே ராஜாவின் ரெஜிமெண்டுகளும் இருந்தன என்று வாதாடலாம். சரி, அந்த 1799-ஐ என்ன செய்வது?

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16, கயத்தாறில். அந்த ஆண்டைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும். போலி செய்கிறவனுக்கு அது போதும். வாங்குகிறவருக்குத் தெரிந்த ஆண்டைத்தான் அவன் தகட்டில் அடிப்பான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொருளையே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பூதக்கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. உண்மையாக வெடித்த பழைய துப்பாக்கியில் மருந்துக் கிண்ணமும் பற்றவைக்கும் துளையும் இருக்கிற இடத்தில்தான் இரும்பு அதிகமாக அரித்திருக்கும். கருமருந்துச் சாம்பல் ஈரத்தை இழுத்து அங்கேயே தின்னும். இந்தப் பிஸ்டலிலோ முன்னால், பின்னால், அடியில், எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குப் புள்ளி புள்ளியாக அரிப்பு. ஆசிட் வேலை. எழுத்துகள் அச்சால் அடித்தவை அல்ல, வார்ப்பிலேயே வந்தவை, ஓரமெல்லாம் சோப்பு மாதிரி மழுங்கி இருந்தது. இருநூறு வருசத்தில் மரம் வற்றும், பித்தளை வற்றாது. அதனால் பழைய பொருளில் பித்தளை விளிம்பு மரத்தைவிட ஒரு நூல் எழும்பி நிற்கும், விரலால் தடவினாலே தெரியும். இதில் வழவழவென்று சமமாக இருந்தது. திருகாணிகளின் தலையில் இன்றைய ஸ்க்ரூ டிரைவர் கச்சிதமாக உட்கார்ந்தது.

"அலங்காரத்துக்கு வச்சுக்கலாம் மாப்ள, ரெண்டாயிரம் ரூபாய் பெறும்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. "ஆனா மாமா, அந்தாளு கதை சொல்றப்ப நம்பாம இருக்க முடியல" என்றார்.

பழம்பொருள் வாங்குகிற நம் ஆட்களோடு எனக்கு இருக்கிற சண்டையே இதுதான். பொருளை வாங்குவதாக நினைத்துக் கதையை வாங்குகிறார்கள். நம் பக்கத்தில் கதைக்கு என்ன பஞ்சம்? தேவாரமும் போடியும் பாளையங்களாக இருந்த ஊர்கள். ஆனால் 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, டிசம்பரில் கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட உத்தரவு கோட்டைகளை இடிக்கச் சொன்னது, ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது. 1878-ல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேண்டும் என்றது. இந்த இரண்டு சல்லடைக்கும் தப்பி ஒரு பாளையக்காரர் பிஸ்டல் இன்று சந்தைக்கு வருகிறது என்றால் அது எப்படித் தப்பியது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்பதில்லை. பெரிய இடத்திலும் கதைக்குத்தான் விலை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது போன திப்புவின் ஆயுதங்களில் 30 பொருள்களை 2015 ஏப்ரலில் லண்டனில் ஏலம் விட்டார்கள், 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஆனால் அங்கே கதைக்குச் சாட்சியாகப் பொருளில் வேலைப்பாடு இருக்கிறது. புலி உருவம், புலிக்கோடு, அவர் ஆரம்பித்த மௌலூதி ஆண்டுக் கணக்கு, அதையும் வலமிருந்து இடமாக எழுதிய எண்கள். போலி செய்கிறவன் புலியைச் செதுக்கிவிடுவான், எண்ணில் தடுக்கி விழுவான். பாகிஸ்தானில் தர்ரா ஆதம்கேல் என்ற ஊரில் வெப்ளி ரிவால்வர் முதல் எல்லாவற்றையும் கையாலேயே செய்வார்கள். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் ஆங்கில 'என்' எழுத்து திரும்பிக் கிடக்கும். படிக்கத் தெரியாத கை, படமாகப் பார்த்து வெட்டியது.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் நான் பெரிய கெட்டிக்காரன் போலத் தெரியும். நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். முப்பது வருசமாக நான் யாரிடமும் சொல்லாதது.

1983. லீவில் ஊருக்கு வந்திருந்தேன். போடி பக்கம் ஒரு பழைய குடும்பம், மலையில் ஏலத்தோட்டம் உள்ளவர்கள். வீட்டைப் பிரித்துக் கட்டும்போது குதிருக்குப் பின்னால் சுவர் மாடத்தில் சாக்கில் சுற்றி ஒரு பிஸ்டல் கிடைத்தது. பெரியவர் ராத்திரியில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பேரலின் அடிப்பக்கம் வெடித்துப் பிளந்திருந்தது, குதிரை ஒடிந்திருந்தது. எந்தக் காலத்திலும் அதைச் சுட முடியாது. "ஆயுத பூஜை வருது தம்பி, பார்வையா ஆக்கிக் குடு, சாமி முன்னாடி வைக்கணும்" என்றார்.

பட்டாளத்தில் எனக்குப் பழக்கியது ஒன்றே ஒன்று. ஆயுதம் கைக்கு வந்தால் பளபளவென்று திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். பித்தளையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். லாக் தகட்டுக்கும் பேரலுக்கும் உப்புத்தாள். முரட்டுத்தாள் முதலில், நைஸ் தாள் பிறகு. தேய்க்கும்போது தகட்டில் இதயம் மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தது. துரு தின்ற குழி என்று நினைத்து, அது போகும்வரை தேய்த்தேன். பெரியவர் கையில் கொடுத்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. ரொம்ப சந்தோஷப்பட்டார், அரை கிலோ ஏலக்காய் கொடுத்தனுப்பினார்.

ரிட்டயர் ஆகி வந்த பிறகு சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போனபோது எழும்பூர் மியூசியம் போனேன். அங்கே தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களும் கோட்டை ஆயுதங்களும் இருக்கின்றன, நம் ஆட்கள் ஒருநாள் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பழைய முத்திரைகளைப் பற்றிப் புத்தகம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கம்பெனி இதயத்தின் படம் வந்த பக்கத்தைத் திருப்பியதும் கை நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

பொருள் போகவில்லை, இன்றும் அவர்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் அது யாருடையது, எப்போது வந்தது என்று அதுவே சொல்ல முடிகிற ஒரே வாயை நான் அடைத்துவிட்டேன். இப்போது அதை யாரிடம் காட்டினாலும், "சுத்தமா தேய்ச்சிருக்கே, இதுல என்ன தெரியும்" என்றுதான் சொல்வார்கள். சொல்வது சரிதான். நானே அப்படித்தான் சொல்வேன்.

ஆகவே என் அபிப்பிராயம், யார் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும்: பழைய இரும்பைத் தேய்க்காதீர்கள். பிராசோ வேண்டாம், புளி வேண்டாம், உப்புத்தாளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதற்காகத் துருப்பிடிக்கட்டும் என்று விடச் சொல்லவில்லை. செந்துரு பொடியாக உதிர்ந்தால் மட்டும் மெல்லிய துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு ஒற்றி எடுங்கள். கறுத்துப் படிந்திருப்பது துரு அல்ல, அதுதான் அதன் வயது. ஒடிந்த பாகத்துக்குப் புதுசு செய்து மாட்டாதீர்கள். மாட்டினால், எதை எப்போது மாட்டினோம் என்று ஒரு சீட்டு எழுதிக் கூடவே வையுங்கள்.

அடுத்தது சட்டம். இதில்தான் ஜனங்களுக்குப் பயம். 1959 ஆயுதச் சட்டத்தில் 45-ஆவது பிரிவு ஒன்று உண்டு. வழக்கொழிந்த மாதிரி, பழம்பொருள் மதிப்புள்ளது, பழுதானது, இவற்றில் எதுவானாலும், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாது என்றால் அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. கடைசி வரிதான் முக்கியம். தாத்தா காலத்துப் பொருள் என்பதாலேயே விலக்கு கிடையாது. சரிசெய்தால் வெடிக்கும் என்றால் லைசென்ஸ் வேண்டும். மலையில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கும், எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் இது தெரியும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். வெடிக்குமா வெடிக்காதா என்று முடிவு செய்வது வீட்டுக்காரர் வேலையும் அல்ல, என் போன்ற பென்ஷன்காரன் வேலையும் அல்ல. நூறு வருசத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை 1972 சட்டப்படி தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

நடைமுறையில் என்ன நடக்கிறது? மாடத்தில் கிடைத்தால் ராவோடு ராவாகக் கிணற்றில் போடுகிறார்கள், இல்லையென்றால் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தச் சுற்று வட்டாரத்தில் இரண்டு அப்படிப் போயிருக்கிறது. அதே சமயம் ஆசிட் ஊற்றிய போலி எண்பத்தைந்தாயிரத்துக்கு விலை பேசப்படுகிறது. மாவட்டத்துக்கு ஒரு முறை, லைசென்ஸ் கொடுக்கிற கலெக்டர் ஆபீஸும் மியூசியமும் சேர்ந்து, ஒரு போலீஸ் ஆர்மரரையும் உட்காரவைத்து நாள் குறித்தால் போதும். கொண்டுவருகிறவர் மேல் வழக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெடிக்காததற்குச் சீட்டு கொடுங்கள், வெடிப்பதை வாங்கி வையுங்கள், நல்லதை ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்திலோ மதுரை மியூசியத்திலோ குடும்பத்தின் பெயரைப் போட்டு வையுங்கள். நம் ஊர்க்காரர்கள் சாக்குலூத்து மெட்டு ரோட்டுக்கு எத்தனை வருசமாக மனுக் கொடுக்கிறார்கள் என்பது தெரியும், இதற்கும் அவ்வளவு காலம் ஆகலாம். இருந்தாலும் மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் வீட்டுக்கு வரலாம்.

மாப்பிள்ளைக்கு அட்வான்ஸ் திரும்பவில்லை. பத்தாயிரத்தோடு தப்பினோம் என்று இப்போது அவரே சொல்கிறார்.

அந்தப் பழைய குடும்பத்துப் பெரியவர் எப்போதோ காலமாகிவிட்டார். பேத்தி கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்திருக்கிறாள், வீட்டு வரலாறு எழுதுகிறாளாம். போன மாதம் என்னைத் தேடி வந்தாள். "தாத்தா, அந்த பிஸ்டல நீங்கதான் க்ளீன் பண்ணீங்களாமே, அதுல ஏதாவது மார்க் இருந்துச்சா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டை நீட்டி வரையச் சொன்னாள். இதயம் மாதிரி ஒன்றை வரைந்தேன். "உள்ள எழுத்து?" என்றாள். புத்தகத்தில் பார்த்த எழுத்து நான்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் 1983-ல் என் கண்ணால் பார்த்தேனா என்றால், இல்லை. உள்ளே காலியாக விட்டு, கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.