நஞ்சுக்கு மருந்தென்று பெயரா?

மருந்து என்பது உயிர் காப்பது, நோய் தணிப்பது. வள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்தார்; அதிலும் உண்ணும் அளவைப் பற்றியே பெரிதும் பேசினார். அத்துணைத் தூய சொல்லை எடுத்து, கொல்லும் நீர்மங்களுக்குப் பெயராகச் சூட்டியிருக்கின்றனர் இற்றைத் தமிழர். 'பூச்சி மருந்து' என்கின்றனர். 'மருந்து அடித்தல்' என்கின்றனர். அது விற்கும் இடத்தை 'மருந்துக் கடை' என்கின்றனர். பூச்சிக்கு நோய் கண்டதோ, மருந்து கொடுப்பதற்கு?

இந்திய அரசின் பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இல் வந்தது. அதன் நெறிமுறைகள் 1971-இல் வந்தன. அந்நெறிமுறைகளின்படி, மிகக் கொடியவற்றின் குப்பியில் சிவப்பு முக்கோணமும் மண்டையோட்டுக் குறியும் 'நஞ்சு' என்னும் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும். அடுத்த நிலைக்கு மஞ்சள். அதற்கும் 'நஞ்சு' என்னும் சொல் உண்டு. அவற்றினும் குறைந்தவைக்கு நீலமும் பச்சையும். சட்டம் நஞ்சு என்று சொல்ல, வாங்குவோர் வாய் மருந்து என்று சொல்கிறது. இது வெறுஞ்சொல் வழக்கு என்று தள்ளத் தக்கதன்று. மருந்தென்று நம்பியவன் ஒரு மூடி கூடுதலாக ஊற்றினால் நலம் விரைந்து வரும் என்று எண்ணுவான்; வெறுங்கையால் கலக்குவான்; தீர்ந்துபோன குப்பியைக் கழுவி வீட்டில் வைத்துக்கொள்வான். நஞ்சென்று அறிந்தவன் இவற்றுள் ஒன்றையும் செய்யான்.

இக்கேட்டை நேரிற் காண்பதற்கு மல்லிகைத் தோட்டத்தினும் ஏற்ற இடம் வேறில்லை. மல்லிகையின் தொட்டிலோ தங்கச்சிமடம். பாம்பனுக்கும் இராமேச்சுரத்துக்கும் இடையே, வடக்கே பாக்கு நீரிணையும் தெற்கே மன்னார்க் குடாக்கடலும் சூழ்ந்த தீவில் அமைந்த ஊர் அது. மீன்பிடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் மணற்பாங்கான நிலத்தில், மல்லிகைத் தண்டுகளை நறுக்கி ஊன்றி வேர்விடச் செய்து நாற்றாக்கி விற்பதும் நெடுநாள் தொழில். மதுரை மல்லிகை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் புகழை உலகறியும். ஆயினும், மதுரைப் பகுதித் தோட்டங்களுக்கு நாற்றுத் தந்து வந்தது இத்தீவின் மணல் என்பதை அறிந்தோர் சிலரே.

மணல் நாற்றுக்கு நல்லது, நஞ்சுக்கோ வழிவிடுவது. களிமண் பற்றி நிறுத்துவதை மணல் நிறுத்தாது. இத்தீவின் கிணற்று நீரோ, மணலுக்கடியில் உவர்நீரின்மேல் தங்கி நிற்கும் மழைநீரே ஆகும். அங்கே ஊற்றுவது எதுவாயினும் குடத்துக்கு வந்து சேர நெடுந்தொலைவு இல்லை.

மல்லிகைக்குப் பகை மூன்று. மொட்டுப்புழு என்பது, வெண்சிறகில் கரிய நெளிகோடுகள் கொண்ட அந்துப்பூச்சியின் புழு. இளமொட்டைத் துளைத்து உள்ளே தின்னும். அருகிலுள்ள மொட்டுகளையும் நூலால் பிணைத்துக்கொள்ளும். மொட்டு ஈ கொசுவினும் சிறியது. அதன் புழுக்கள் மொட்டினுள் புகுந்து உண்ண, மொட்டு வளர்ச்சி குன்றி ஊதாநிறம் ஏறி வாடும். மூன்றாவது செஞ்சிலந்திப் பேன். இலையின் அடிப்புறத்தில் வலை பின்னிச் சாறுறிஞ்சும். முதலிரண்டுக்கும் அஞ்சி உழவர் அனைத்தையும் கொல்லும் நஞ்சைத் தெளிக்கின்றனர். பூச்சியைத் தின்று வாழும் பொறிவண்டும் கண்ணாடிச் சிறகியும் பேனைத் தின்னும் பேனும் அதில் மடிகின்றன. காவலர் மடிந்த தோட்டத்தில் செஞ்சிலந்திப் பேன் பல்கிப் பெருகுகிறது. அதற்கென்று வேறொரு குப்பி வாங்குகின்றனர். கடைக்காரருக்கு இதனினும் நல்ல பயிர் ஏது?

அத்தோட்டத்தில் வைகறையில் வெறுங்கையுடன் மொட்டுக் கிள்ளுவோர் பெரும்பாலும் பெண்டிர். முன்னாள் மாலை தெளித்தது அவர்தம் விரலிலும் மூச்சிலும் ஏறுகிறது. உண்ணும் காயையாவது கழுவுகின்றனர். பூவைக் கழுவுவார் யார்? தொடுத்த சரம் அப்படியே மகளிர் கூந்தலுக்கும் மணவறைக்கும் இறைவன் திருமேனிக்கும் செல்கிறது. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்கள்மேல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக எண்டோசல்பானை வானிலிருந்து தெளித்தனர். கீழே வாழ்ந்தோர் நோயும் உறுப்புக்குறையும் பெற்றபின், 2011-இல் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அதுவும் ஒரு காலத்தில் பயிர் காக்கும் மருந்தென்றே விற்கப்பட்டதுதான்.

மாற்று இல்லையா? வறண்ட முகவை மண்ணில் வேம்புக்குக் குறைவில்லை. நன்கு உலர்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோ எடுத்து இடித்து, 10 இலிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் பால்நிறம் வரக் கலக்கி, இருமடித் துணியில் வடித்து, 100 இலிட்டராக்கி, சோப்பு என வழங்கும் வழலை 200 கிராம் கரைத்துச் சேர்த்தால் தெளிநீர் அணியமாகிவிடும். வெயிலில் அதன் ஆற்றல் கெடும். ஆகலின் மாலையில் தெளித்தல் வேண்டும். இலையின் மேற்புறம் நனைந்தால் போதாது, அடிப்புறமும் நனைதல் வேண்டும். மொட்டு ஈ மண்ணில் கூட்டுப்புழுவாய்க் கிடப்பது. செடியடியைக் கொத்திக் கிளறி, வேப்பம் பிண்ணாக்கு இட்டால் அதன் தலைமுறை அறும். ஊதா மொட்டுகளைக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே எரித்தல் வேண்டும். பலர் செடியடியிலேயே உதிர்த்து விடுகின்றனர், அது பகைக்கு விதைநெல் கொடுப்பதாகும். சிலந்திப் பேன் தொடங்கும்போதே இலையடியில் விசையோடு நீர் பீய்ச்சினால் பெரும்பகுதி அகலும். ஆனைந்து என்னும் நல்ல பெயர் தேவாரத்திலேயே இருக்கப் பஞ்சகவ்யம் என்று கூவி விற்கும் கரைசலும், மீன்கழிவும் வெல்லமும் ஊறிய கரைசலும் செடிக்கு ஊட்டமாவன. அவற்றைப் பூச்சிக்கொல்லியென நம்பி ஏமாறுதல் வேண்டா.

வேம்பின் திறம் பாட்டிக் கதையன்று. 1959-இல் சூடானில் வெட்டுக்கிளிகள் பசுமை அனைத்தையும் தின்றும் வேம்பைத் தொடாமல் விட்டதைச் செருமானிய அறிஞர் சுமுட்டரர் கண்டார். 1962-இல் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பிரதானும் துணைவரும், வேப்பம்பருப்புக் கரைசல் வெட்டுக்கிளியை உண்ணவொட்டாது தடுப்பதை மெய்ப்பித்தனர். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தார் அதன் உட்பொருளைப் பிரித்தெடுத்து அசாடிராக்டின் என்றனர். வேம்பின் பாரசீகப் பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அப்பொருள் புழுவை உண்ணவொட்டாமலும் தோலுரித்து வளரவொட்டாமலும் தடுக்கிறது. பின்னர் ஒரு வெளிநாட்டுக் குழுமமும் அமெரிக்க வேளாண்துறையும், வேப்பெண்ணெயால் பூஞ்சணம் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இஃது இந்தியாவில் முன்பே வழங்கிய அறிவு என்று எதிர்த்து வழக்காடியபின், 2000-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது; மேல்முறையீடும் 2005-இல் தள்ளப்பட்டது. வேம்பின் உரிமைக்காக மூனிச்சு வரை சென்று போராட வேண்டியிருந்தது. ஈண்டோ, வேப்பங்கொட்டையைப் பொறுக்கி வணிகரிடம் அற்ப விலைக்குத் தள்ளிவிட்டு, அதனினும் பன்மடங்கு கொடுத்து நஞ்சுக் குப்பியை வாங்குகின்றனர்!

உழவரை மட்டும் குறை கூறுதல் அறமன்று. மல்லிகை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது. ஒரு நாள் மொட்டு கெட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. கேட்டவுடன் வழி சொல்ல அவருக்கு அருகிலிருப்பவர் விற்பவரே. வேம்போ ஒரே இரவில் தோட்டத்தைத் துடைத்துத் தராது; தாக்குதல் முற்றுமுன் தொடங்கி, உரிய இடைவெளியில் திரும்பத் திரும்பத் தெளித்தால்தான் பயன் தரும். ஒருவர் தெளித்து அடுத்த வேலிக்காரர் சும்மா இருந்தால் ஈ வேலி தாண்டி வந்துவிடும். இயற்கை என்னும் பெயரைக் கண்டே மயங்கிவிடுவோரும் உளர். புகையிலைச் சாறும் இயற்கையில் விளைந்ததே. அதுவும் நஞ்சே, கலக்குவோரைக் கொல்லவும் வல்லதே.

இனிச் செய்யத்தக்கவை அருஞ்செயல்கள் அல்ல. வேம்பு பழுத்து உதிர்வது ஆனி, ஆடியில். அக்கொட்டையை நிழலில் உலர்த்தி வைத்தால் 3 திங்களுக்குப் பின்னும் 8 திங்களுக்குள்ளும் ஆற்றல் நிறைந்திருக்கும். அஃதாவது, கார்த்திகையில் மல்லிகைக் கிளை நறுக்கும் காலந்தொட்டுப் பங்குனியில் மொட்டுப் பெருகும் காலம்வரை கைகொடுக்கும். தங்கச்சிமடத்து நாற்றங்காலார் கூட்டாகக் கொட்டை திரட்டவும் இடிக்கவும் ஓர் இடம் அமைத்து, நாற்றுக்கட்டு ஒவ்வொன்றோடும் கரைசல் செய்யும் முறையை நல்ல தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், நாற்றுச் செல்லும் ஊர்தோறும் அவ்வறிவும் உடன் செல்லும். வேளாண்துறை தன் அறிவிப்பு எதிலும், பேச்சு எதிலும், நஞ்சை மருந்தென்று குறித்தலாகாது. கடைப் பலகைகளிலும் அச்சொல்லை அழித்துப் 'பூச்சிக்கொல்லி நஞ்சு விற்குமிடம்' என்று பெரிய எழுத்தில் எழுதச் செய்தல் வேண்டும்.