மணத்தைக் கசக்க வைத்தோர் யார்?

"இக்காலத்து இளைஞருக்குத் திருமணத்தின்மீது மதிப்பே இல்லை, காதல் புகுந்து கெடுத்துவிட்டது!" என்று கையைப் பிசைகின்றனர் பழமையின் பாதுகாவலர். மேடைதோறும் இப்புலம்பல், பூசை அறைதோறும் இப்பெருமூச்சு! நாம் கேட்கிறோம்: மணம் வேண்டாம் என்று மறுக்கும் காளையையோ கன்னியையோ அருகில் அழைத்து, "ஏன் வேண்டாம்?" என்று ஒருநாளேனும் வினவியதுண்டா?

வினவியிருந்தால் விளங்கியிருக்கும். அன்பு கொண்டவரோடு பேசி, பிணங்கி, இணங்கி, மதித்தும் மதிக்கப்பெற்றும் மகிழ்ந்தவர் மணவாழ்வை நம்பிக்கையோடு நோக்குகிறார். ஏய்க்கப்பட்டவருக்கு, ஏசப்பட்டவருக்கு, ஒவ்வொரு அசைவும் வேவு பார்க்கப்பட்டவருக்கு, தாலி என்றதும் தளையே நினைவுக்கு வருகிறது. இதில் வியப்பென்ன? மணத்தைப் பற்றிய எண்ணம் வேதத்திலிருந்து இறங்கி வருவதில்லை; வாழ்ந்த வாழ்விலிருந்து முளைக்கிறது.

"பொறுத்துப் போ, அதுதான் குடும்பம்" என்று மகளுக்கு ஓதுகிறாளே தாய், அவளும் தன் அனுபவத்தைத்தான் கூறுகிறாள். முகமறியா ஒருவனுக்கு முடிந்து வைக்கப்பட்டு, இன்பம் இன்னதென்று அறியாமலே நரைத்தவள் வேறெதைக் கூறுவாள்? அவளை நாம் பழிக்கமாட்டோம். அவளுடைய பொறுமையைப் பண்பாடு என்று விலைகூறி விற்பவர்களைத்தான் பழிக்கிறோம்.

காதல் மணத்தைக் கெடுக்கிறதாம்! 2016 மார்ச் திங்களில் உடுமலைப்பேட்டையில் நடந்ததென்ன? பட்டப்பகலில், பேருந்து நிலையத்தருகே, பலர் பார்த்திருக்க, இளந்தம்பதியர் இருவரை வெட்டிச் சாய்த்தனர். கணவர் மாண்டார்; மனைவி குருதியில் கிடந்து பிழைத்தார். தாழ்த்தப்பட்டோர் எனப்படும் குலத்தில் பிறந்தவர் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அவ்விருவரும் திருமணத்தை வெறுத்தவர்களா? இல்லை, அதை நம்பி, அதன்படி வாழத் தொடங்கியவர்கள்! காமிராவில் பதிந்த அந்தக் கொடுமை நாடெங்கும் பரவிற்று. அதைக் கண்ட பதினெட்டு வயது நங்கை இல்லறத்தை இன்பச் சோலை என்றா எண்ணுவாள்? அரிவாளை எடுத்தவன் சாதியின் தூய்மை பேசுபவன். அவநம்பிக்கைக்கு விதையிட்டவனும் அவனே.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் மணவிலக்கு உரிமையையும் சேர்த்தே கேட்டது. புரோகிதனை விலக்கிய மணங்களை 1953-இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணாவின் ஆட்சி செல்லும் என்று சட்டமியற்றிற்று. அச்சுறுத்தலுக்கு ஆளானோர் ஊரைக் கூட்டி மணம் புரிதல் இயலாதென்பதை உணர்ந்து, ஊரறியச் செய்ய வேண்டியதில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் இன்றும் முப்பது நாள் முன்னறிவிப்பை அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்கிறது. துரத்தி வருபவனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதற்கு இதைவிட வேறு வழி உண்டா? அந்த விதி ஒழிய வேண்டும்.

நம்மவரையும் விட்டுவிடுவதற்கில்லை. மேடையில் சுயமரியாதைத் திருமணம் முழங்கிவிட்டு, வீட்டில் சொந்தச் சாதியில் பெண் தேடி, நகைக்கணக்குப் பார்க்கும் வீரர்கள் சிலர் நம்மிடையேயும் உளர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மணத்தைப் பற்றி என்ன கற்பார்கள்? பேச்சையா, பேரத்தையா?

மகிழ்ச்சியும் சில வேளை கண்ணை மறைக்கும் என்பதை மறுக்கவில்லை. காதலுக்குத் தெய்வீகம் கற்பிப்பதைப் பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கடிந்துரைத்தது காரணமின்றி அன்று. கடற்கரையில் கைகோத்த மயக்கத்தில், மணத்துக்குப்பின் அடுப்பு யார் பொறுப்பு, அவளுடைய ஊதியம் யார் கையில், அவள் மேற்கொண்டு படிக்க விரும்பினால் என்ன செய்வது என்பவற்றை யார் கேட்கிறார்கள்? ஓராண்டு கழித்து அவள் கசப்போடு திரும்பினால், "காதல் மணம் இப்படித்தான்" என்று எள்ளி நகையாடப் பழமைப் பட்டாளம் காத்திருக்கிறது. ஆதலின் காதலிக்கும் தோழர்களே, அவற்றை முன்னரே பேசுங்கள். ஒத்துவரவில்லையேல் எப்படிப் பிரிவது என்பதையும் சேர்த்தே பேசுங்கள். இருவரும் இசைந்து பிரிய இந்துத் திருமணச் சட்டம் வழிவிட்டதே 1976-இல்தான்.